டேட்டாபேஸ் திணறும்போது இணைப்புகளைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நம்பி ஓடும் ஒரு தளத்தில் திடீரென்று கூட்டம் ஏறினால், லாகில் (சர்வர் எழுதும் பதிவுக் கோப்பில்) முதலில் தென்படுவது பெரும்பாலும் ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’ என்ற வரிதான். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் 1040 என்ற பிழை எண்ணோடு ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ என்று வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் இதைப் பார்த்ததும் இணையத்தில் தேடுவார். ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பில் இருக்கும் 100ஐ 500 ஆக்கு என்று ஒரு பதில் கிடைக்கும். மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பிழை மறைந்துவிடும். சற்று நேரத்தில் வேறு புகார் வரும்: பிழை ஒன்றும் இல்லை, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

இரண்டாவது நிலை முதல் நிலையைவிட மோசமானது. முதலில் சிலருக்கு மட்டும் இடமில்லை என்ற பதில் போனது. உள்ளே வந்தவர்களுக்கு வேலை நடந்தது. இப்போது எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கும் வேலை நடக்கவில்லை. சுமை அதிகமாக இருக்கும் நேரத்தில் டேட்டாபேஸுக்குள் ஒரே சமயத்தில் விடும் இணைப்புகளைக் குறைத்தால், மொத்தத்தில் அதிகம் பேருக்கு வேலை முடியும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஏன் அப்படி என்பதைக் கணக்கோடு பார்ப்போம். நான் போஸ்ட்கிரெஸையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற டேட்டாபேஸ்களுக்கும் அடிப்படை இதேதான்.

ஓர் இணைப்பு என்பது என்ன?

உங்கள் செயலி டேட்டாபேஸோடு பேச ஆரம்பிக்கும்போது ஓர் இணைப்பைத் திறக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் நெட்வொர்க் தொடர்பு. போஸ்ட்கிரெஸின் உள்ளே ஒவ்வோர் இணைப்புக்கும் தனியாக ஒரு பிராசஸ் (தனக்கென்று நினைவகத்தோடு ஓடும் ஒரு நிரல்) பிறக்கிறது. ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற தாய்ப் பிராசஸ் வாசலில் காத்திருந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைப் பிராசஸைப் பிரித்துக் கொடுக்கிறது. கடவுச்சொல் சரிபார்ப்பு, மறையாக்கம் இருந்தால் அதற்கான பரிமாற்றம், அட்டவணை விவரங்களை நினைவில் ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு நடக்கும். மைஎஸ்க்யூஎல் வழக்கமாக ஓர் இணைப்புக்கு ஒரு திரெட் (ஒரே பிராசஸுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) என்று கொடுக்கிறது. அது பிராசஸைவிட இலகுவானது, ஆனால் இலவசம் அல்ல.

போஸ்ட்கிரெஸில் இந்த எண்ணிக்கைக்கு இயல்பாக இருக்கும் உச்சவரம்பு 100. மைஎஸ்க்யூஎல்லில் 151. உருவாக்கியவர்கள் கஞ்சத்தனத்தால் வைத்த எண்கள் அல்ல இவை. நடுத்தரமான ஒரு சர்வருக்கு இவையே தாராளம்தான்.

இணைப்பு திறந்திருப்பதும் வேலை செய்வதும் வேறு வேறு என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு இணைப்புகள் திறந்திருக்கலாம்; அதில் தொண்ணூற்றைந்து சும்மா இருக்கலாம். சர்வரைத் திணறவைப்பது பெரும்பாலும் அந்த ஐந்து, ஐம்பதாகவும் ஐந்நூறாகவும் மாறும் தருணம்.

எட்டு கோர், நானூறு குவெரி

எட்டு கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) உள்ள ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். ஒரு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி, முடிய 10 மில்லிசெகண்ட் சிபியு நேரம் வேண்டும் என்று வைப்போம். ஒரு கோர் ஒரு நொடியில் 100 குவெரிகளை முடிக்கும். எட்டு கோரும் சேர்ந்து 800. இதுதான் அந்த இயந்திரத்தின் கூரை. எத்தனை பேரை உள்ளே விட்டாலும் 801ஆவது குவெரி அந்த நொடியில் முடியாது.

எட்டுப் பேரை மட்டும் ஒரே சமயத்தில் உள்ளே விட்டால், ஒவ்வொருவருக்கும் 10 மில்லிசெகண்டில் வேலை முடிந்துவிடும். நொடிக்கு 800. நானூறு பேரை ஒன்றாக விட்டால்? லினக்ஸ் ஒவ்வொருவருக்கும் துளித்துளியாக நேரம் பங்கிட்டுக் கொடுக்கும். எந்தக் கழிவும் இல்லை என்று வைத்தாலும் நொடிக்கு முடிவது அதே 800தான். ஆனால் ஒவ்வொருவரும் அரை நொடி காத்திருக்க வேண்டும். வேகம் கூடவில்லை, காத்திருப்பு ஐம்பது மடங்கு ஆகிவிட்டது. இது கழிவே இல்லாத கற்பனை உலகத்தின் கணக்கு. நிஜத்தில் அந்த 800உம் சரியும்.

கல்யாண வீட்டில் பந்தி நடத்தியவர்களுக்கு இது தெரியும். பரிமாற எட்டுப் பேர் இருக்கும்போது நானூறு இலையையும் ஒரே நேரத்தில் போட்டால், முதல் இலைக்குச் சாம்பார் வருவதற்குள் சோறு ஆறிப்போகும். ஒருவருமே சாப்பிட்டு எழுந்திருக்க மாட்டார்கள், எழுந்தால்தானே அடுத்தவருக்கு இடம்? அனுபவமுள்ளவர்கள் பரிமாறும் கைகளைப் பார்த்துத்தான் இலை போடுவார்கள். மற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். காத்திருப்பு அங்கேயும் உண்டுதான், ஆனால் அது இலைக்கு முன்னால் இல்லை, வெளியே.

அந்த 800 ஏன் சரிகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் காரணம் எல்லாரும் சொல்வது: ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கே சிபியு நேரம் செலவாகிறது, மாறும்போது கேஷில் (சிபியுவுக்கு அருகில் இருக்கும் சின்ன நினைவகத்தில்) இருந்த தரவும் வீணாகிறது. இது உண்மை, ஆனால் சிறிய காரணம்.

பெரிய காரணம் பூட்டு. அட்டவணையில் ஒரு வரியை மாற்ற வரும் குவெரி அந்த வரியைப் பூட்டுகிறது. அதற்குக் கீழே நினைவகத்தில் இருக்கும் பொதுவான பகுதிகளைத் தொடவும் டேட்டாபேஸ் சின்னச்சின்னப் பூட்டுகளை உள்ளுக்குள் எடுத்து விடுகிறது. பூட்டைப் பிடித்திருக்கும் பிராசஸ் உடனே வேலையை முடித்து விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் நானூறு பேர் சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும்போது, பூட்டைக் கையில் வைத்திருப்பவருடைய முறை பாதியில் முடிந்துவிடும். அவர் பூட்டோடு வரிசையின் கடைசிக்குப் போவார். அவருக்காகக் காத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக விழித்து, பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று கண்டு, மறுபடி தூங்குவார்கள். சிபியு 100 விழுக்காடு ஓடுகிறது என்று கிராஃப் காட்டும். முடிந்த வேலை குறைந்துகொண்டே போகும். ஆள் கூடக்கூட இது நேர்விகிதத்தில் கூடுவதில்லை, அதைவிட வேகமாகக் கூடுகிறது.

போஸ்ட்கிரெஸுக்கே உரிய ஒரு செலவும் உண்டு. ஒவ்வொரு குவெரியும் தொடங்கும்போது, இந்த நொடியில் எந்தெந்தப் பரிமாற்றங்கள் (டிரான்ஸாக்‌ஷன், அதாவது ஒன்றாகவே முடிய வேண்டிய வேலைகளின் தொகுப்பு) முடிந்தவை, எவை முடியாதவை என்று ஒரு ‘ஸ்னாப்ஷாட்’ எடுக்க வேண்டும். அதற்காகத் திறந்திருக்கும் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை பார்வையிட வேண்டியிருந்தது, சும்மா இருப்பவற்றையும் சேர்த்து. 2021இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14 இந்தச் செலவைப் பெருமளவு குறைத்தது. பழைய பதிப்பை ஓட்டுகிறவர்கள் சும்மா திறந்துகிடக்கும் இணைப்பையும் செலவாகவே எண்ண வேண்டும்.

அடுத்த காரணம் நினைவகம். இதில் விழுபவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ‘வொர்க் மெம்’ என்று ஓர் அமைப்பு. இயல்பாக 4 எம்பி. இது ஓர் இணைப்புக்கான அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஒவ்வொரு ஹாஷ் வேலைக்கும் (தரவை விரைவாகத் தேடும்படி பிரித்து வைப்பது) தனித்தனியாக இந்த அளவு வரை எடுத்துக்கொள்ளலாம்; பதிப்பு 15இலிருந்து ஹாஷ் வேலைக்கு இயல்பாக இதன் இரு மடங்கு. ஒரு பெரிய அறிக்கை மெதுவாக ஓடுகிறது என்று யாரோ இதை 64 எம்பி ஆக்கியிருப்பார்கள். நானூறு இணைப்புகள் ஆளுக்கு ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 25 ஜிபி. 32 ஜிபி உள்ள சர்வரில், பொது பஃபருக்கு (எல்லா இணைப்புகளும் பகிரும் நினைவகத்துக்கு) 8 ஜிபி கொடுத்தது போக, இடமே இல்லை. லினக்ஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸில் ஒரு குழந்தைப் பிராசஸ் இப்படித் திடீரென்று கொல்லப்பட்டால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று அஞ்சி போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, மீட்பு வேலையை ஓட்டிவிட்டுத்தான் மறுபடி திறக்கும். திறந்த அந்த நொடியில் நானூறு பேரும் ஒன்றாக மறுபடி இணைக்க வருவார்கள்.

இணைப்புகள் எப்படித் தானாகப் பெருகுகின்றன

வரிசைகளைப் பற்றி ஓர் எளிய விதி உண்டு. ஜான் லிட்டில் 1961இல் நிறுவியதால் லிட்டில் விதி என்பார்கள். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, நொடிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை, ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. அவ்வளவுதான்.

உங்கள் தளத்துக்கு நொடிக்கு 600 குவெரி வருகிறது, ஒவ்வொன்றும் 10 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்றால், எந்த நேரத்திலும் வேலையில் இருப்பவை சராசரியாக 6 இணைப்புகள்தான். நொடிக்கு 600 என்பது சின்னத் தளம் அல்ல. அதற்கே ஆறு போதும். இப்போது யாரோ ஒரு இண்டெக்ஸை (தேடலை வேகமாக்கும் அட்டவணைக் குறிப்பை) நீக்கிவிட்டார், அல்லது இரவு அறிக்கை பகலில் ஓட ஆரம்பித்துவிட்டது, குவெரி 200 மில்லிசெகண்ட் ஆகிறது. வருகிறவர்கள் அதே 600தான். தேவைப்படும் இணைப்புகள் 120 ஆகிவிடும். ‘டூ மெனி கிளையன்ட்ஸ்’ என்ற பிழை அப்போது வரும். கூட்டம் கூடிவிட்டது என்று நினைப்போம். கூடியது கூட்டம் இல்லை, ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரம்.

இதோடு முந்தைய பகுதியைச் சேர்த்துப் பாருங்கள். இணைப்பு கூடினால் ஒவ்வொரு குவெரியும் மெதுவாகிறது. மெதுவானால் லிட்டில் விதிப்படி இன்னும் இணைப்புகள் தேவை. அவற்றைக் கொடுத்தால் இன்னும் மெதுவாகிறது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லையென்றால் இந்தச் சுழல் ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ என்ற சுவரில் மோதித்தான் நிற்கும். 500 என்று வைத்தவர் சுவரைத் தள்ளிவைத்தார், சுழல் இன்னும் வேகமெடுத்து வந்து மோதுகிறது.

இணையமே ஒருமுறை இந்தச் சுழலில் சிக்கியிருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கெஜ தூரத்துக்குள், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த தடம் 40 பிட்டுக்குச் சரிந்தது. பாதை நிரம்பி பாக்கெட்டுகள் (அனுப்பும் தரவின் துண்டுகள்) தொலையத் தொலைய, எல்லாக் கணினிகளும் அதே வேகத்தில் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தன. வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரை காட்டிய வழி, அனுப்புகிறவர்கள் நெரிசலை உணர்ந்து தாங்களே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. இன்று உங்கள் கைபேசியும் அந்த வழியில்தான் நடக்கிறது. டேட்டாபேஸ் இணைப்புக்கும் அதே சிந்தனை தேவை என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை போதும்?

போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு தொடக்கக் கணக்கு இது: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதோடு சுழலும் வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டு. எட்டு கோரும் ஒரு வட்டும் என்றால் 17. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி காலத்தில் வட்டுப் பகுதிக்குப் பழைய அர்த்தம் இல்லை. ஆனால் விடை பத்து இருபதுகளில்தான் இருக்கும், நூறுகளில் இல்லை என்பதைக் காட்டுவதற்கு இது போதும். ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் ஹிக்காரி என்ற இணைப்புப் பூல் (பூல் என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) இயல்பாக 10 இணைப்புகளைத்தான் வைத்துக்கொள்கிறது. ஆரக்கிள் நிறுவனத்தின் செயல்திறன் குழு செய்துகாட்டிய ஒரு சோதனையை அந்தத் திட்டத்தின் ஆவணமே சுட்டிக்காட்டுகிறது: வேறு எதையும் தொடாமல் பூலின் அளவை மட்டும் குறைத்ததில், பதில் நேரம் சுமார் 100 மில்லிசெகண்டிலிருந்து சுமார் 2 மில்லிசெகண்டுக்கு இறங்கியது.

பூல் என்றால், செயலி ஒவ்வொரு முறையும் புது இணைப்பைத் திறக்காமல், திறந்துவைத்த சில இணைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது. பத்து இருக்கிறது, பதினோராவது ஆள் வந்தால் செயலிக்குள்ளேயே காத்திருப்பார். வரிசை டேட்டாபேஸுக்கு வெளியே வந்துவிட்டது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆனால் இங்கே ஒரு குழி. பூல் ஒவ்வொரு செயலிப் பிரதிக்கும் தனித்தனி. சுமை கூடும்போது செயலிச் சர்வர்களைத் தானாகப் பெருக்கும்படி கிளவுடில் அமைத்திருப்பீர்கள். 4 பிரதிகள் 20 ஆகும். ஒவ்வொன்றும் 10 என்று 200 இணைப்புகள் வந்து நிற்கும். டேட்டாபேஸ் மெதுவானதால் செயலிகள் பெருகின, பெருகிய செயலிகள் டேட்டாபேஸை இன்னும் மெதுவாக்கின. ஒவ்வொரு செயலியும் அடக்கமாகத்தான் நடந்துகொண்டது. மொத்தத்தைப் பார்க்க யாரும் இல்லை.

அந்த மொத்தத்தைப் பார்ப்பதற்குத்தான் பிஜிபவுன்சர் போன்ற இடைநிலைக் கருவிகள். ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது அது. செயலிகள் டேட்டாபேஸின் 5432 போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசல் எண்ணுக்கு) போகாமல் இதன் 6432 போர்ட்டுக்கு வரும். முன்பக்கம் ஆயிரம் பேரை ஏற்றுக்கொண்டு, பின்பக்கம் டேட்டாபேஸோடு இருபது இணைப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒரு பயனருக்கும் ஒரு டேட்டாபேஸுக்கும் இயல்பான அளவே 20தான். இதைப் பரிமாற்ற முறையில், அதாவது ஒரு டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும் முறையில் ஓட்டினால்தான் முழுப் பலன். அந்த முறையில், இணைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் சில வசதிகள் வேலை செய்யா: இணைப்பு முழுக்க நீடிக்க வேண்டிய அமைப்பு மாற்றங்கள், அறிவிப்புக்குக் காத்திருக்கும் ‘லிசன்’, இணைப்பளவிலான பூட்டுகள். முன்கூட்டித் தயாரித்த குவெரிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன; 2023இல் வந்த 1.21 பதிப்பு அதைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

வெளியே நிற்கும் வரிசைக்கும் எல்லை வேண்டும். பிஜிபவுன்சரில் ஒருவர் காத்திருக்கக்கூடிய நேரம் இயல்பாக 120 நொடி. தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர் இரண்டு நிமிடம் காத்திருக்க மாட்டார். பத்தாவது நொடியில் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்வார். பழைய கோரிக்கை வரிசையில் அப்படியே நிற்கும், புதியது அதன் பின்னால் சேரும். பழையதன் முறை வந்து, டேட்டாபேஸ் உழைத்து விடை கண்டுபிடித்துக் கொடுக்கும்போது வாங்க ஆள் இருக்காது. திணறும் சர்வர் யாருக்கும் வேண்டாத விடைகளைத் தயாரித்துக்கொண்டிருப்பது இப்படித்தான். இணையதளம் என்றால் காத்திருப்பை மூன்று நான்கு நொடிக்குக் குறைப்பது நல்லது. கூடவே, ஒரு குவெரி ஓடக்கூடிய நேரத்துக்கு எல்லை வைக்கும் ‘ஸ்டேட்மென்ட் டைம்அவுட்’ என்ற அமைப்பையும் வையுங்கள். போஸ்ட்கிரெஸில் இயல்பாக இதற்கு எல்லையே கிடையாது.

சுமை அதிகம் என்று எதை வைத்துச் சொல்வது?

நிலையான ஓர் எல்லை பெரும்பாலான இடங்களுக்குப் போதும். சில இடங்களில் சுமையைப் பார்த்து எல்லையை மாற்ற வேண்டியிருக்கும்: டேட்டாபேஸ் இருக்கும் அதே இயந்திரத்தில் வேறு வேலைகளும் ஓடலாம், பேக்கப் நேரத்தில் வட்டு மெதுவாகலாம், குவெரிகளின் எடை மணிக்கு மணி மாறலாம்.

உடனே கைக்கு வருவது லினக்ஸின் லோட் ஆவரேஜ், அதாவது சராசரிச் சுமை. ‘அப்டைம்’ என்று அடித்தால் 1, 5, 15 நிமிடங்களுக்கான மூன்று எண்கள் வரும். எட்டு கோருக்கு 8 வரை சரி, 30 என்றால் நெரிசல் என்று தோராயமாகப் படிக்கலாம். ஆனால் இதை வைத்து இணைப்புகளைத் தானாகக் கட்டுப்படுத்துவதில் இரண்டு சிக்கல். லினக்ஸ் இந்தக் கணக்கில் சிபியுவுக்குக் காத்திருப்பவர்களோடு, வட்டுக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்க்கிறது. எண்ணைப் பார்த்து எது காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, அது தாமதமானது. சுமை சட்டென்று ஏறினால் ஒரு நிமிடச் சராசரி அந்த உயரத்தில் சுமார் 63 விழுக்காட்டைத் தொடவே ஒரு நிமிடம் ஆகும். இறங்கும்போதும் அதே தாமதம். இந்த எண்ணைப் பார்த்து வெட்டினால், தேவைப்படும்போது வெட்டாமல், நெரிசல் தீர்ந்த பிறகும் வெட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட நேரடியான அளவுகள் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கின்றன. போஸ்ட்கிரெஸில் ‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ என்ற காட்சியில் ஒவ்வோர் இணைப்பின் நிலையும் தெரியும். ‘ஆக்டிவ்’ என்ற நிலையில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ‘திரெட்ஸ் ரன்னிங்’ என்ற எண். பிஜிபவுன்சரில், வரிசையின் முன்னால் நிற்பவர் எத்தனை நொடியாகக் காத்திருக்கிறார் என்பதை ‘மேக்ஸ்வெயிட்’ காட்டும். நான் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இந்தக் கடைசி எண்ணையே தேர்ந்தெடுப்பேன், பயனர் படும் பாட்டுக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

அதே காட்சியில் அந்த ஆக்டிவ் இணைப்புகள் எதற்காகக் காத்திருக்கின்றன என்றும் ஒரு நெடுவரிசை சொல்லும். ஐம்பது இருந்து ஐம்பதும் ‘லாக்’ (பூட்டு) என்று காட்டினால், சிபியு சும்மா இருந்தால், அது கூட்டப் பிரச்சினை இல்லை. யாரோ ஒருவர் ஒரு வரியைப் பூட்டிவிட்டு வெளியே போயிருக்கிறார். பெரும்பாலும் அவர் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ என்ற நிலையில் இருப்பார்: டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, அப்படியே பணம் செலுத்தும் சேவைக்கு ஒரு கோரிக்கை அனுப்பிவிட்டு, அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் நிரல். இதற்கு இணைப்பு எல்லை மருந்தாகாது. வெளி உலகத்தோடு பேசும் வேலையை டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுக்க வேண்டும்; அதுவரை, அப்படிச் சும்மா கிடப்பவர்களைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் அமைப்பைப் போஸ்ட்கிரெஸில் இயக்கி வைக்கலாம். 9.6 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. நாம் இயக்காவிட்டால் இயங்காது.

எல்லையை எங்கே, எப்படித் திருப்புவது

சுமை ஏறினால் புது இணைப்பை மறு என்று சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸுக்குள் கிடையாது. மின்னஞ்சல் உலகில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளுக்கு அப்படி ஒன்று உண்டு: லோட் ஓர் அளவைத் தாண்டினால் அஞ்சலை வாங்கி வரிசையில் வைக்கும், அனுப்ப முயலாது, இன்னொரு பெரிய அளவைத் தாண்டினால் இணைப்பையே மறுக்கும். இப்படி இரண்டு படிகளாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. டேட்டாபேஸுக்கு அதை நாம்தான் சுற்றிக் கட்ட வேண்டும்.

‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ இதற்கு உதவாது. போஸ்ட்கிரெஸில் அதை மாற்ற ரீஸ்டார்ட் வேண்டும், நெருக்கடியில் அது முடியாது. மைஎஸ்க்யூஎல்லில் ஓடும்போதே மாற்றலாம். போஸ்ட்கிரெஸில் ஓடும்போதே மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று, ஒரு பயனருக்கு அல்லது ஒரு டேட்டாபேஸுக்கு ‘கனெக்‌ஷன் லிமிட்’ வைப்பது. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றாது. மற்றொன்று, பிஜிபவுன்சரின் பூல் அளவை மாற்றிவிட்டு, அமைப்பை மறுபடி வாசிக்கச் சொல்வது.

ஒரு சின்ன ஸ்கிரிப்ட் சில நொடிக்கு ஒருமுறை நிலவரத்தைப் பார்த்து எல்லையை மாற்றலாம். அதில் இரண்டு கோடுகள் வையுங்கள்: மேல் கோட்டைத் தாண்டினால் குறை, கீழ்க் கோட்டுக்குக் கீழே வந்தால் மட்டும் கூட்டு, நடுவில் இருந்தால் தொடாதே. ஒரே கோடு வைத்தால் அது கூட்டியும் குறைத்தும் ஊசலாடிக்கொண்டே இருக்கும். குறைக்கும்போது பாதியாகக் குறையுங்கள், கூட்டும்போது ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை நெரிசலில் நடந்துகொள்ளும் விதமும் இதுவே. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட ‘கன்கரன்சி லிமிட்ஸ்’ என்ற நூலகமும் (ஆயத்த நிரல் தொகுப்பும்) டிசிபியிலிருந்து கருத்தை எடுத்து, பதில் நேரத்தைப் பார்த்து எல்லையைத் தானே தீர்மானிக்கிறது.

ஆனால் தானியங்கி ஸ்கிரிப்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது, யாரைக் குறைப்பது என்று பிரிப்பது. எல்லா வேலைக்கும் ஒரே டேட்டாபேஸ் பயனரை வைத்திருக்கும் இடங்கள் ஏராளம். பிரியுங்கள்: இணையதளத்துக்கு ஒரு பயனர், பின்னணி வேலைகளுக்கு ஒன்று, அறிக்கைகளுக்கு ஒன்று. அறிக்கைக்கு 2, பின்னணிக்கு 5, தளத்துக்கு 15 என்று ஆளுக்கொரு எல்லை. நெருக்கடியில் அறிக்கையைப் பூஜ்யமாக்கலாம், பின்னணியை ஒன்றாக்கலாம். பணம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஒரு பிரிப்பு பல தளங்களில் மற்ற எல்லா உத்திகளையும்விட அதிகப் பயன் தரும்.

உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் மொத்தத்தில் 3 இணைப்புகளைத் தலைமைப் பயனருக்கென்று (எல்லா அதிகாரமும் உள்ள ‘சூப்பர்யூசர்’) ஒதுக்கி வைத்திருக்கிறது. செயலியைத் தலைமைப் பயனராக ஓட்டினால் அந்த மூன்றையும் செயலியே தின்றுவிடும், நெருக்கடியில் உள்ளே நுழைந்து பார்க்க உங்களுக்கு வழியிருக்காது. பதிப்பு 16இலிருந்து, தலைமை அதிகாரம் இல்லாத கண்காணிப்புப் பயனருக்கும் தனியாக இடம் ஒதுக்கலாம். மைஎஸ்க்யூஎல் எல்லைக்கு மேல் நிர்வாகிக்கென்று ஓர் இணைப்பைத் தருகிறது, 8.0.14 முதல், அமைத்து வைத்தால், நிர்வாகத்துக்கென்றே 33062 என்ற தனி போர்ட்டும் உண்டு.

மறுக்கப்பட்டவர் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். செயலி ‘இப்போது முடியாது’ என்று பொருள்படும் 503 என்ற பதிலோடு, எத்தனை நொடி கழித்து வரலாம் என்றும் சொல்ல வேண்டும். மறுமுயற்சிக்கு இடையில் நேரம் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். அந்த நேரத்தில் கொஞ்சம் தற்செயல் வித்தியாசமும் வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். மறுமுயற்சி எந்த அடுக்கில் என்பதும் முக்கியம். கைபேசிச் செயலி மூன்று முறை, அதன் பின்னால் இருக்கும் சேவை மூன்று முறை, அதன் பின்னால் இருக்கும் நூலகம் மூன்று முறை என்று ஒவ்வொருவரும் முயன்றால், ஒரு பயனரின் ஒரு தொடுகை டேட்டாபேஸில் 27 முயற்சிகளாக வந்து விழும். ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள்.

இதையெல்லாம் உங்கள் மடிக்கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸை நிறுவும்போது ‘பிஜிபெஞ்ச்’ என்ற சோதனைக் கருவியும் பொதுவாகக் கூடவே வரும். கிளையன்ட் எண்ணிக்கையை 4, 8, 16, 32, 64 என்று ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நொடிக்கு எத்தனை பரிமாற்றம், ஒன்றுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்ற இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் ஏறுவதை நிறுத்தி, இரண்டாவது எண் மட்டும் ஏறத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அந்த இயந்திரத்தில், அந்த வேலைக்கு, பூலின் அளவை அங்கிருந்து தொடங்குங்கள். பிறகு அதே சோதனையை ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புது இணைப்பு திறக்கும் தெரிவோடு, அதாவது பெரிய எழுத்து ‘சி’யோடு, ஒருமுறை ஓட்டுங்கள். பூல் இல்லாத செயலி உங்கள் டேட்டாபேஸிடம் எவ்வளவு விலை கேட்கிறது என்பது இரண்டு ஓட்டங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் தெரியும்.